நூற்று எண்பத்தாறு கிராம்

செந்தூல் அடுக்குமாடி. பன்னிரண்டாம் மாடி.
ஒரு மின்தூக்கி ஓடும்.
மற்றதில் 'பழுதுபார்ப்பு' என்ற தாள்
சாயம் போய்த் தொங்கும்.
ஓடியதில் ஏற்றிவந்தேன்
மீன்கடைத் தௌகே தந்த மூன்று வெள்ளைப் பெட்டிகள்.
கழுவினேன், வெயிலில் வைத்தேன், மறுபடி கழுவினேன்.
இன்றும் முகர்ந்தால் கெம்போங் மீன்தான்.

குறிப்பேட்டின் முதல் பக்கம்:
ஆய்வாளர், லோஷினி, படிவம் நான்கு.
கேள்வி, ஒரு குடும்பம் தன் கீரையைத் தானே வளர்க்குமா?
கருதுகோள், வளர்க்கும்.
அந்தச் சொல்லுக்கு அடியில்
இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன்.

முதல் பெட்டிக்குக் கடை மண். எட்டு ரிங்கிட்.
கொட்டி முடித்த பிறகே
பையின் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன்.
எங்கோ ஒரு சதுப்பு நிலத்தை
வடியவிட்டு, வெட்டி, உலர்த்தி
மூட்டை கட்டிய மண்.
ஒரு காட்டின் காலடியை உருவித்தான்
பூமியைக் காப்பாற்றக் கிளம்பியிருக்கிறேன்.
இதை எங்கே எழுதுவது என்று கேட்டேன்.
"வரம்புகள் பகுதியில்" என்றார் ஆசிரியை லியோங்,
திருத்தும் தாளிலிருந்து கண் எடுக்காமல்.

இரண்டாம் பெட்டிக்கு நானே மண் செய்தேன்.
பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை, முட்டை ஓடு,
இரவு வேலை முடிந்து வந்த அப்பா
குடித்து வைத்த தேயிலை.
ஒன்பதாம் நாள் புழு வந்தது.
பத்தாம் நாள் அம்மா வந்தாள்.
பதினோராம் நாள் பெட்டி
நடைபாதையின் கோடிக்குப் போனது.

மூன்றாம் பெட்டியில்
சமைத்தது போக மிஞ்சிய கங்கோங் அடித்தண்டு.
அதற்கு ஆய்வு தெரியாது.
குத்திவைத்தேன், முளைத்தது.

தண்ணீர் மட்டும் காசில்லை.
பக்கத்து வீட்டு ஸைட்டோன் அக்காவின் ஏர்கோன் குழாய்
இரவெல்லாம் சொட்டும்.
வாளி வைத்து அளந்தேன்: நாலரை லிட்டர்.
அவர் தூங்கிய தூக்கம்
விடிந்ததும் என் கீரைக்குப் பாயும்.
ஹரிராயாவுக்கு அவர் ஊருக்குப் போன வாரம்
என் நிலத்தில் வறட்சி.

இருபத்தாறாம் நாள் இலையில் ஓட்டை.
அடியில் ஒரு நத்தை.
பன்னிரண்டு மாடி எப்படி ஏறினாய்?
மண் பையிலேயே வந்தவனா?
அப்படியென்றால் உன் சதுப்பு நிலம் இதுதான்,
எஞ்சியது இவ்வளவுதான்.
கிள்ளி எறியக் கை போனது.
குறிப்பேட்டில் எழுதினேன்:
வருகையாளர், ஒருவர்.

முப்பத்தோராம் நாள் நிர்வாகத்தின் மஞ்சள் தாள்.
நடைபாதையில் பொருள்கள் வைக்கக் கூடாது.
தீயணைப்பு விதி. ஏழு நாள் தவணை.
தப்பில்லாத விதிதான்,
தீப்பிடித்தால் ஓடுகிற காலுக்குக் கீரை தடுக்கும்.
ஆனாலும் 'பொருள்கள்' என்ற சொல்லை
நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முப்பத்தெட்டாம் நாள் அறுவடை.
அம்மாவின் மாவுத் தராசில்
நூற்று எண்பத்தாறு கிராம்.
செலவு இருபத்துமூன்று ரிங்கிட் நாற்பது சென்.
நாலு பேருக்கு ஒரு வேளை,
அதுவும் தேங்காய்ப்பூவை அம்மா
தாராளமாகப் போட்டதால்.
கருதுகோள் தவறு.
இரண்டு கோட்டையும் அழித்தேன்,
தாள் கொஞ்சம் கிழிந்தது.

கங்கோங் பெட்டியை ஸைட்டோன் அக்கா கேட்டு வாங்கினார்.
"தண்ணீர் என்னுடையதுதானே" என்று சிரித்தார்.
இப்போது அது துணிக்கம்பிக்குக் கீழே,
அவர் வீட்டில் இருக்கிறது.
நத்தையையும் சேர்த்தே கொடுத்தேன். சொல்லவில்லை.

சனிக்கிழமை சந்தைக்குப் போனேன்.
ஒரு கட்டுத் தண்டுக்கீரை.
கையில் வைத்துப் பார்த்தாலே தெரிகிறது இப்போது:
முந்நூறு கிராம் இருக்கும்,
ஓட்டையில்லை, வேரில் ஈரம்.
"ஒன்று இருபது" என்றார் கடைக்கார அக்கா.
ஒன்று இருபதா.
யாருடைய முப்பத்தெட்டு நாள்?
யார் தூக்கத்தின் தண்ணீர்?
"எப்படிக்கா கட்டும்?" என்று கேட்டுவிட்டேன்.
'உங்களுக்கு' என்ற சொல்
வாயிலேயே நின்றுவிட்டது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்,
பள்ளிச் சட்டை, நகக்கண்ணில் மண்.
"சரி பிள்ளை," என்று
பத்து சென் குறைத்தார்.