மிதிக்காத பிரேக்

ராணிப்பேட்டைத் தோல் கம்பெனி ஒன்று
வெளிநாட்டு பையர்களை ஏற்றிவர வைத்திருந்த ஜப்பான் வேன்.
கம்பெனியை மூடிய வருஷம் என்னிடம் வந்தது,
பின்சீட்டில் இன்னும் பச்சைத்தோல் வாடையோடு.

ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் ஒரு குச்சி.
அறுபதில் போகும்போது அழுத்தினால்
காலை எடுத்துவிடலாம், அறுபதிலேயே போகும்
என்று சொல்லித்தான் விற்றார் மேனேஜர் பூவராகன்.
முதல் வருஷம் போனது.
அப்புறம் மூணு வருஷமாய் அழுத்துகிறேன்,
பச்சை விளக்கொன்று எட்டிப் பார்த்து
அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லும் பிள்ளை மாதிரி
உள்ளே போய்விடும்.

ஒருத்தர் கேபிளை மாற்றினார்.
காட்பாடி எலக்ட்ரீஷியன் ஃபியூஸ் எல்லாம் பிடுங்கித்
துண்டில் அடுக்கி, திரும்பச் சொருகி,
நானூறு வாங்கினார்.
அதிலிருந்து வைப்பர் போட்டால் ரேடியோ பாடும்.

பேட்டரி வேறு காலையில் செத்துக் கிடக்கும்.
தினம் ராத்திரி பத்தாம் நம்பர் ஸ்பேனரால்
வயரைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் சோறு.

வலதுமுட்டி போனது எனக்கு.
ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, லாட்ஜ், மீனம்பாக்கம்.
ஊர் ஊராய் வருகிறவர்களை வாசலில் இறக்குகிறேன்,
நான் உள்ளே போய் முட்டியைக் காட்டியதில்லை.

அக்னி நட்சத்திரத்தில் ஒன்பதாம் நாள்.
மீனம்பாக்கத்திலிருந்து ஹால்தார் பாபுவும் அவர் மனைவியும்,
மடியில் கிட்னி ஃபைல்.
வாலாஜா டோலில் முள் பாதி.
பாலாற்றுப் பாலத்தில் முக்கால்.
ஏசியை அணைத்தேன், ஜன்னலைத் திறந்தேன்,
அடியில் ஆற்றுமணல் மேல் ரெண்டு எருமை.
விஷாரம் வருமுன் பேனட் இடுக்கெல்லாம் ஆவி.

சூட்டில் மூடியைத் திறந்த தழும்பு
ஏற்கெனவே முழங்கையில் ஒன்று உண்டு.
உட்கார்ந்திருந்தேன்.
அந்தம்மா வங்காளத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே
குடிக்க வைத்திருந்த ரெண்டு பாட்டிலையும் நீட்டினார்.

வண்டிக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்த பாபு
வாயைத் துடைத்தபடி வந்தார்.
"லால்" என்றார்.
ரத்தமோ என்று பதறி ஓடினேன்.
இல்லை. விரல் நீட்டிய இடத்தில்
ரெண்டு பிரேக் லைட்டும் சிவந்து எரிகின்றன.
டிரைவர் சீட்டில் யாருமில்லை.

பின்னால் வந்தவனெல்லாம் மூணு வருஷமாய்
எதற்கு ஹாரன் அடித்தான் என்று அப்போது புரிந்தது.

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் நயாஸ்
முதலில் ரேடியேட்டரை இறக்கினான்.
நாலுதரம் ஈயம் வைத்த பித்தளை.
இடுக்கில் ஈசல் சிறகு, இலவம்பஞ்சு,
சினிமா போஸ்டரில் ஒரு காது.
வடித்த தண்ணீர் ஆறிய டீ.
புதுசு மெட்ராஸிலிருந்து பஸ் பார்சலில் வந்தது,
அலுமினியம், ஒரு கையில் தூக்கலாம்.
ஹோஸ், கிளாம்ப், பச்சைத் தண்ணீர்.
"காத்து வெளிய போகணும், ஹீட்டரைப் போடுங்க."
மே மாதம் வேலூரில் ஹீட்டர்!
கால்மணி நேரம் உள்ளே வெந்துகொண்டிருந்தேன்,
குமிழ் வருதா, குமிழ் வருதா என்று கேட்டபடி.

அப்புறம் பெடலுக்கடியில் தலையை விட்டான்.
ஒரு மிளகளவு ரப்பர்.
சுவிட்ச் முனை மோத இருந்தது நொறுங்கிப்போய்
முனை ஓட்டை வழியாக நீட்டிக்கொண்டிருக்கிறது.
யாரோ மிதிக்கிறார்கள் என்றே வண்டி நம்பியிருக்கிறது.
மிதிபடும் வண்டி குச்சி பேச்சைக் கேட்குமா?
டப்பாவைக் கிளறி ஒரு ரப்பர் பட்டன் சொருகினான்.
அதற்குக் காசு வாங்கவில்லை.

பைபாஸில் அறுபதில் அழுத்தினேன்.
பச்சை விளக்கு நின்றது.
காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை,
விருந்தாளி மாதிரி ஓரமாய் மடக்கிவைத்தேன்.

பதினோரு நாள் கழித்து காட்பாடி ஸ்டேஷன்.
பெட்டியை இறக்குமுன் ஹால்தார் பாபு
இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் குனிந்தார்.
"லால் இல்லை" என்றார்,
ஆஸ்பத்திரி வரிசையில் கற்ற ஒரே தமிழ்ச் சொல்லோடு.

அன்று ராத்திரியும் பேனட்டைத் திறந்து
ஸ்பேனரோடு கொஞ்சநேரம் நின்றேன்.