பதினோரு நிமிடம்

குரெஸ்ஸாரே மருந்துக் கடையிலிருந்து
வீட்டுக்கு இருபத்துநான்கு கிலோமீட்டர்.
டிசம்பர். மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
எஞ்சினை அணைக்கிறேன்.
கதவைத் திறக்கவில்லை.

சமையலறை விளக்கு எரிகிறது.
அதற்கு அடுத்த அறையில் கால்யு.
முப்பத்தொரு வருடம் படகு எஞ்சின்களுக்கு மேல்
குரலை உயர்த்தியே பேசிப் பழகியவன்
இப்போது தண்ணீர் கேட்கவும்
மூச்சைச் சேர்த்துவைக்க வேண்டியிருக்கிறது.

முன்கண்ணாடியில் என் மூச்சு படர்ந்து
வீட்டை மறைக்கிறது. மறைக்கட்டும்.
இந்தக் காருக்குள் யாருக்கும் எதுவும் வேண்டாம்.
பூண்டு தேய்த்து வறுத்த கம்பு ரொட்டி,
ஒரு பொட்டலம் முழுவதும் தின்று தீர்த்தேன்
திருடித் தின்பவள் போல.
உள்ளே வெங்காயம்கூட நறுக்கக்கூடாது,
அவனுக்குக் குமட்டும்.

கடையில் ஸால்மே கேட்டாள்,
"கால்யு எப்படி இருக்கான்?"
எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.
"ராத்திரி தூங்கினான்" என்றேன்.
சொல்லாமல் விட்டது:
நாலு மணிக்கு, மூன்றாம் முறையாக
விரிப்பை உருவும்போது
"இன்னும் என்னதான் வேணும் உனக்கு" என்று சீறினேன்.
அவன் மன்னிப்புக் கேட்டான்.
அதற்குப் பதில் என்னை
அடித்திருக்கலாம்.

மீன் வாங்கும்போது
ஒரு துண்டு போதும் என்று சொல்லிவிட்டது வாய்.
யாரைக் கேட்டுச் சொன்னது?
"இல்லை, இரண்டு" என்று திருத்தினேன்.
இரண்டாவதை நாய் தின்னும்,
அது எனக்கும் தெரியும், நாய்க்கும் தெரியும்.

செவ்வாய்தோறும் வரும் நர்ஸ்
வலிக்கு எண் கேட்கிறாள், ஒன்றிலிருந்து பத்து.
அவனிடம் மட்டும்.
என்னிடம் கேட்டால் என்ன எண் சொல்வேன்?
சீக்கிரம் முடிந்துவிடட்டும் என்று நினைக்கிறேன்.
நினைத்த கையோடு
பாதிக் கழுவிய தட்டைப் போட்டுவிட்டு ஓடி
அவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன்.
சோப்பு நுரை அவன் மீசையில்.
அப்போது ஒருநாள் சிரித்தான்,
"சவரம் பண்ணப் போறியா?"

சரி. போக வேண்டும்.
பூட்ஸில் ஒட்டிய பனியைப் படியில் தட்டினேன்,
சாவியை ஆணியில் மாட்டினேன்,
கதவை ஒருக்களித்தேன்.
கண்மூடிக் கிடந்தான்.

"பதினொண்ணு" என்றான்.
"என்ன?"
"நிமிஷம். நேத்து ஏழுதான்."

நின்ற இடத்திலேயே நின்றேன்.
அணைத்த எஞ்சினுக்கும் திறக்கும் கதவுக்கும் நடுவே
தினமும் இவன் காதை வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

"ஐட்லிங் ஏறி இறங்குது" என்றான்,
மூச்சைச் சேர்த்துச் சேர்த்து,
"ஸ்பார்க் பிளக்கை மாத்தச் சொல்லு."
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு,
"ஹீட்டரைப் போட்டுக்கிட்டு உட்காரேன்.
குளிருமில்ல, லெய்தா."

என் மேல் பூண்டு நாறியது.
அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.
கோட்டைக் கழற்றாமல்
கட்டில் ஓரம் உட்கார்ந்தேன்.
அடுத்த சொட்டு மருந்துக்கு
இருபது நிமிடம் இருந்தது.