இல்லாத புகை

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு:
தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை.
ராணிப்பேட்டை சிப்காட்டில்
நான் வேலை பார்க்கும் இரும்பு வார்ப்பு ஆலை
இந்த வருஷம் அதில் ஒன்று சேர்த்திருக்கிறது:
வெளியே விடாத புகை.
அதற்கு மட்டும் விலை கிடைக்குமாம்.

என் மேசையில் ஒரு நாள் என்பது
தொண்ணூற்றாறு கட்டம்,
கட்டத்துக்குப் பதினைந்து நிமிஷம்.
நாளைய மின்சாரத்துக்கு
இன்று பன்னிரண்டு அடிப்பதற்குள் ஏலம் கேட்க வேண்டும்.
கத்தரிக்காய்க்குப் பேரம் பேச வராத நான்
மெகாவாட்டுக்குப் பேசுகிறேன்.

உச்சியில் விலை சரிகிறது.
எங்கெங்கோ கரம்புகளில்
வெயிலைப் பலகை பலகையாய்க் காயப்போட்டிருக்கிறார்கள்.
யூனிட் இரண்டு ரூபாய், சில நாள் அதற்கும் கீழே.
விளக்கு வைக்கும் நேரத்தில் பத்து.
பத்துக்கு மேல் போகாதபடி
மேலே யாரோ ஒரு கூரை போட்டிருக்கிறார்கள்.

மார்ச்சில் ஒரு சுற்றறிக்கை அடித்தேன்:
உலை இனி இரவில் இல்லை,
பகல் பதினொன்று முதல் நான்கு வரை.

கன்னியப்பன் அதைக் கையில் பிடித்தபடி வந்தார்.
‘இன்னா மேடம், ராவுல வர்ற கரண்ட்டுல
இரும்பு உருகாதா?’
உருகும் என்றேன்.
‘அப்பறம் இன்னாத்துக்கு?’
ராத்திரி கரண்ட் நிலக்கரி, பகல் கரண்ட் வெயில்,
புகை குறையும், குறைந்ததை விற்கலாம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
‘இல்லாதத்த விக்கிறதா’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

சித்திரையில் சென்னையிலிருந்து ஆலோசகர் வந்தார்.
கார்பன் கணக்கைத் திறந்தார்.
யூனிட்டுக்குச் சுமார் முக்கால் கிலோ புகை என்றார்.
எந்த மணிக்கு?
எல்லா மணிக்கும்.
காற்றாலை, அனல், அணை, வெயில்
எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கிண்டி
வருஷத்துக்கு ஒரே கரண்டி.
நீங்கள் நடுப்பகலில் உருக்கினாலும்
நடுநிசியில் உருக்கினாலும்
இந்தத் தாளில் ஒரே கறுப்புதான், மேடம்.

மின்சாரச் சந்தைக்கு மணி தெரியும், புகை தெரியாது.
கார்பன் சந்தைக்குப் புகை தெரியும், மணி தெரியாது.
ஒரே கம்பியில் வந்து இறங்கும் இரண்டு பேர்
முகம் கொடுத்துப் பேசுவதில்லை.
நடுவில் ஒரு விதி நிற்கிறது, அதில் ஒரு வாக்கியம்.
டெல்லியில் ஏதோ ஒரு ஏசி அறையில்
‘ஆண்டு’ என்ற இடத்தில் ‘மணி’ என்று
ஒரு விரல் தட்டியிருந்தால்
கன்னியப்பனுக்கு நான் சொன்னது
உண்மையாகியிருக்கும்.

கத்திரி பிறந்து ஒன்பதாம் நாள்.
வெளியே நாற்பத்து மூன்று டிகிரி.
உலை வாயில் ஆயிரத்து ஐந்நூறு.
முனிரத்தினம் மண் குவியலோரம் உட்கார்ந்தார்,
பிறகு எழுந்திருக்கவில்லை.
வேர்வை நின்றுபோன தோல்
கையில் தொட்டால் சுட்டது.
ஆட்டோவில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது
கீழே மணல்,
ஒரு கையளவு ஈரம்கூட அதில் இல்லை.
என் கைக்குட்டையை எதில் நனைப்பது?

மூன்று பாட்டில் குளுகோஸ். பிழைத்துக்கொண்டார்.
அலுவலகம் திரும்பித் திரையைப் பார்த்தேன்.
அவர் உட்கார்ந்தது ஐம்பத்து மூன்றாவது கட்டம்.
விலை ஒரு ரூபாய் தொண்ணூறு காசு.
நான் கேட்டு வாங்கியது.

மறுநாள் ஏலத்தில்
விடியல் நான்கு முதல் ஒன்பது வரை போட்டேன்.
யூனிட் நாலே முக்கால்.
முதலாளி ஜெயக்கொடி மாடியிலிருந்து போன் செய்தார்:
தெரிந்துதான் போட்டீர்களா?
தெரிந்துதான்.
புகையாவது குறையுமா?
தாளில் குறையாது சார். கூடவும் கூடாது.
வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.
காரணம் எழுதி அனுப்புங்கள், ஆடிட்டர் கேட்பார்.

படிவத்தில் காரணத்துக்கு ஒரே ஒரு கட்டம்.
வெயில் என்று எழுதினேன்.
மார்ச் படிவத்திலும்
அதே கட்டத்தில், என் கையெழுத்தில்,
அதே சொல்தான் இருந்தது.