தக்கை

பதினேழு வருடப் பேச்சை
கழற்றிய செருப்புப் போல என் மேசைமேல் வைத்தாள் கிராசியெத்.
கம்பெனிக் கைப்பேசி. ஓரத்தில் கீறல்.

போர்ச்சுகலின் வடக்கே, ஃபெய்ராவில்,
ஒயின் போத்தலுக்குத் தக்கை செய்கிறோம் நாங்கள்.
அடைப்பதே பிழைப்பு.
ஆனாலும் முதலாளி வால்தெமார்
"ஒரு நம்பர்கூடக் கசியக்கூடாது" என்றபோது
சிரிப்பை இருமலாக்க வேண்டியிருந்தது.

திங்கள் முதல் அவள் எதிர்க் கம்பெனி.
எங்கள் மொட்டைமாடியில் நின்றால்
அவர்கள் புகைபோக்கி தெரியும்.

நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
அழிக்கட்டுமா, கேட்டது திரை.
அவள் முற்றத்தில் நனையும் மரப்பட்டை அடுக்குகளைப்
பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஆம் என்றேன்.
தும்மல் அளவு நேரம்.

மனசில் இருப்பதை என்ன செய்வாய் என்று
அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஐந்தாம் ஷரத்தைக் காட்டியிருப்பேன்:
நினைவிலிருந்தும் எடுத்தாளலாகாது.
வக்கீல் எழுதியதல்ல அது,
நான் எழுதியது. ஒரு வெள்ளிக்கிழமை, பசியோடு.

அவள் குறிப்புகள் எங்களோடு தங்கின.
எங்கள் சொத்து. திறந்து படித்தேன்.

ரான்ஸ் கிழவர் கத்துவார், கோபம் இல்லை, காது மந்தம்.
தோக்காய் ஸோல்தான்: செவ்வாய் கூப்பிடாதே,
மனைவிக்கு டயாலிசிஸ்.
அதன் கீழே, இரண்டு வருடம் கழித்து, ஒரே வரி:
இனி செவ்வாயும் கூப்பிடலாம்.

அதற்குமேல் படிக்கவில்லை.

புதன் காலை அவள் மேசையில் போன் அடித்தது.
ஸோல்தான்.
உடைந்த இங்கிலீஷில் அவரும், உடைந்த இங்கிலீஷில் நானும்.
இங்கே இல்லை என்றேன்.
எங்கே என்றார்.
சொல்ல அனுமதியில்லை என்றேன்.
நீண்ட இடைவெளி.
"உயிரோடு இருக்கிறாளா?"

இருக்கிறாள், இருக்கிறாள்,
இரண்டு முறை சொன்னேன்.

அப்படியானால் சொல்லுங்கள், நாய் குட்டி போட்டிருக்கிறது.
நான்கு. ஒன்று கறுப்பு.
ஆர்டர் பற்றிப் பேச்சே இல்லை.

மென்பொருளில் இதற்குக் கட்டம் தேடினேன்.
வாடிக்கையாளர் தகவல் என்றால் எங்களுடையது.
இல்லையென்றால் யாருடையது?
டீ ரசீதின் பின்பக்கம் எழுதினேன்:
நான்கு, ஒன்று கறுப்பு.

மாலை வாசலில் அபீலியு
பையைத் திறக்கச் சொன்னான்.
சாப்பாட்டு டப்பா, குடை, சாவி.
நல்லது, போங்கள் என்றான்.

சட்டைப்பையில் காகிதம் சரசரத்தது.
வீட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும்.
மழை விட்டிருந்தது.
புகைபோக்கி தெரிந்தது.