ஓடையின் நடுக்கோடு

பத்திரத்தில் எங்கள் எல்லை இப்படி எழுதியிருக்கிறது:
வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி,
ஸ்டில்ஹவுஸ் ஓடையின் நடுவாக,
அது வளையும் வழியெல்லாம் வளைந்து,
ஒரு கல் வரை.
எந்தக் கல் என்று இல்லை.
கென்டக்கியின் இந்த மூலையில்
கல்லுக்கா பஞ்சம்.

மார்ச்சில் மூன்று நாள் விடாத மழை.
மூன்றாம் இரவு படுக்கையிலிருந்தே கேட்டது
தண்ணீருக்கடியில் பாறைகள் உருள்வது,
மாடியில் யாரோ பீரோவை நகர்த்துவது போல.
எங்களுக்கு மாடி கிடையாது.
க்ளெல் டார்ச்சுடன் போய்
எரிவாயுத் தொட்டிக்குச் சங்கிலியை
இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு
ஈரக் காலோடு கூடத்தைக் கடந்து படுக்கப் போனான்.
என் தம்பி. ஐம்பத்திரண்டு வயது.
கால் துடைக்கிற பழக்கம் இன்னும் வரவில்லை.

விடிந்தபோது ஓடை இடம் மாறியிருந்தது.
சிக்கமோர் மரத்துக்கு அந்தப் பக்கம் ஓடியது
இந்தப் பக்கம் ஓடியது.
பதினோரு அடி. க்ளெல் அளந்தான்.

அக்கரைக்குப் போய்விட்டவை:
வெள்ளைத் தோல் உரியும் அந்த சிக்கமோர்,
ரூபார்ப் பாத்தியில் பாதி,
பெர்ல் என்ற நாயைப் புதைத்த மேடு.
தூண்டில் மீன் வளர்த்த பழைய குளியல்தொட்டி
எக்கரையிலும் இல்லை.
மேடு மட்டும் கரையவில்லை.
அசையாமல் அங்கேயே இருக்கிறது,
ஒலீட்டா கோம்ப்ஸின் பக்கத்தில்.

ஒலீட்டாவும் நாங்களும் பேசி ஆறு வருடம்.
காரணம் அந்த மேட்டுக்குள்தான் கிடக்கிறது.
மூன்று வாத்துகள் என்றாள் அவள்.
இரண்டு என்றேன் நான்.
இறகுகளை எண்ணிப் பார் என்றாள்.

ஏப்ரலில் எல்லாம் தத்தம் வேலைக்குத் திரும்பின.
மீன்கொத்தி அதே கிளையில் வந்து உட்கார்ந்து
கீழே பார்த்தது: சரளைக்கல்.
இரண்டு நாள் அப்படியே பார்த்தது.
மூன்றாம் நாள் தலையை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.
அவ்வளவுதான் அதன் வழக்கு.
ஓடை இறால்கள் புது ஈரத்தில்
மண்ணுருண்டை அடுக்கிப் புகைபோக்கி கட்டின.
வேலிக் கம்பியில், என் மூக்கின் உயரத்தில்,
வெள்ளம் மாட்டிவிட்டுப் போயிருந்தது
யாருடைய பிள்ளையினுடையதோ ஒற்றைச் செருப்பு.

க்ளெல் நகரத்துக்குப் போய்
நிலம் அளப்பவரிடம் கேட்டு வந்தான்.
ஓடை மெல்ல மெல்ல நகர்ந்தால்
எல்லையும் கூடவே நகருமாம்.
ஒரே ராத்திரியில் தாவினால்
எல்லை பழைய இடத்திலேயே நின்றுவிடுமாம்.
"அப்போ நாய் நம்முடையதுதான்" என்றான்.
அளந்து கல் நட தொள்ளாயிரம் டாலர்.
ட்ரக்குக்கு கிளட்ச் மாற்ற வேண்டியிருந்தது.

மே மாதம் கடி ஆமை ஒன்று
ஓடையிலிருந்து ஏறி வந்து
ட்ரக் நிற்கிற சரளையில் குழி பறித்தது.
முட்டைகளை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனது.
கிளட்ச் மாற்றிய ட்ரக்கை அன்றிலிருந்து
சாலையோரம் நிறுத்துகிறோம்.

ஜூனில் ஒரு சாயங்காலம்
நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.
ஒலீட்டா புல்வெட்டும் வண்டியில் உட்கார்ந்து
தன் பழைய கரையைத் தாண்டி,
சரளையைத் தாண்டி,
புதுத் தண்ணீர் வரை வந்தாள்.
சிக்கமோரை ஒரு சுற்று.
மேட்டுக்கு எதிரே எஞ்சினை நிறுத்தினாள்.
தட்டைக் கல்லில் க்ளெல் பெயிண்டில் எழுதிய பெயர்
அவள் இருந்த இடத்திலிருந்து தெரியும்.
கையில் எடுத்த பாத்திரத்தை வைக்காமல் நின்றேன்.

பிறகு வண்டியைக் கிளப்பி
மேட்டை விட்டு வளைத்துக்கொண்டு போனாள்.
அங்கே மட்டும் வட்டமாகப் புல் நின்றது,
சரியாகச் சீவாத தலை போல.

போகிற வழியில் இறங்கி
ரூபார்ப் தண்டுகளைத் திருகித் திருகிப் பிடுங்கினாள்,
இலைகளை அங்கேயே கிள்ளி எறிந்தாள்,
மடியில் போட்டுக்கொண்டாள்.
எத்தனை என்று நான் எண்ணவில்லை.

குழாயை மூடினேன்.
தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.
ஓடை, பதினோரு அடி பக்கத்தில்.