குறிப்பாணைக்கு விளக்கம்

பொருள்: வருகைப் பதிவேட்டை வெளியாட்களிடம் காட்டியது தொடர்பாக.
பார்வை: தங்கள் குறிப்பாணை, பதினேழு பி.
நாள் தெரியவில்லை. உப்புக்காற்றில் முத்திரை மை ஊறிவிட்டது.

அம்மையீர்,
வெளியாட்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.
கித்தேரியம்மாளின் மூன்று பிள்ளைகள் என்னிடம் படித்துப் போனவர்கள்,
நாலாவது இப்போது இரண்டாவது பெஞ்சில்.
காலை உப்புமா கிண்டுகிறவள் ராக்கு.
செய்யது பீவியின் மகள்தான்
அந்தப் பதிவேட்டில் பதினேழாவது பெயர்.
வெளியாள் என்று பார்த்தால்
பரமக்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி
வந்துபோகிற நான்தான்.

இரண்டு வருஷம் முன்பு பென்ஷனுக்காக
ஒன்பது நாள் பள்ளியைப் பூட்டினோம்.
சாவி என் கைப்பையில்.
அந்த ஒன்பது நாளும்
பாசிக்குப் போவதை முறைவைத்து விட்டுவிட்டு
வேப்பமரத்தடியில் பிள்ளைகளை உட்கார்த்தி
கஞ்சி ஊற்றினார்கள் இவர்கள்.
திரும்பி வந்தபோது ஒருத்தியும் எதுவும் கேட்கவில்லை.
கேட்டது இந்தப் பங்குனியில்.

“ஒங்க காசுக்குப் பள்ளிக்கூடத்தப் பூட்டுனீக டீச்சர்.
எங்க தண்ணிக்கு எதப் பூட்டுவீக?”

முழங்கை ஆழம் மணலைத் தோண்டினால்
நல்ல தண்ணீர் சுரந்த ஊர்.
கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு
ஒரு குடம் நிறைய முக்கால் மணி.
வடக்கே இறால் பண்ணை வந்தது, எட்டுக் குட்டை.
இப்போது ஆளுயரம் தோண்டினாலும்
ஊற்றில் கடல்தான் வருகிறது.

எனக்கு இது எதுவும் தெரியாது.
எனக்குத் தெரிந்ததெல்லாம் காலைக்கு ஒரு சாய்கோடு,
மாலைக்கு ஒரு சாய்கோடு.
பையன்களுக்கு முழுப் பெருக்கல் குறி.
செவ்வாயும் வெள்ளியும் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் பாதி.
அது தண்ணீர் லாரி வருகிற நாள்.
நாலு மாதம் அந்தப் பிள்ளைகளை
வாசலில் முட்டிபோட வைத்திருக்கிறேன்.
இது தங்கள் குற்றச்சாட்டில் இல்லை. சேர்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை ஐந்தாம் வகுப்பில் கூடினோம்.
சின்னப் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க அவர்கள்,
விரல்களில் துணி சுற்றியது சுற்றியபடி.
பக்கத்து ஊர்களிலிருந்து
பிலவேந்திரன் சாரும் உமையாள் டீச்சரும்
தங்கள் பதிவேடுகளைத் துணிப்பையில் கொண்டுவந்தார்கள்.
ஐந்து பள்ளி, ஒரே ஓட்டை.
சங்கச் செயலாளரிடம் போனில் சொன்னோம்.
நம் கோரிக்கைப் பட்டியலில் தண்ணீர் இல்லையே என்றார்.

கட்டத்தாளில் வரைந்து காட்டினேன்.
கோடு இறங்குகிற இடத்தில் விரல் வைத்து
கித்தேரி சொன்னாள்,
“இது வத்தம். ஏத்தம் எங்க?”

ராக்குவின் மகன் பண்ணையில் இரவுக் காவல்.
அவள் மனுவில் கையெழுத்துப் போடவில்லை.
ஏனென்று யாரும் கேட்கவில்லை.
திங்கட்கிழமை ராமநாதபுரம் போகிற முதல் பஸ்ஸுக்கு
அவள்தான் முதலில் நின்றாள்,
எங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சோற்று வாளியோடு.

கலெக்டர் ஆபீசில் எங்கள் டோக்கன் இருநூற்று ஆறு.
மனுவுக்கு ஒரு ரசீது தந்தார்கள்.
பதினோராம் நாள் குறிப்பாணை வந்தது.
தண்ணீர் வரவில்லை.

பதினைந்து நாளில் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள்.
நான் தனியாகத்தான் எழுத உட்கார்ந்தேன்.
செய்யது பீவி தாளை இழுத்துக்கொண்டாள்.
கீழே உள்ள எழுத்துப்பிழைகள் அவளுடையவை,
திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இணைப்பு: ஐந்து பள்ளிப் பதிவேட்டின் நகல்கள்,
நாற்பத்தொரு கையெழுத்து, ஆறு கைநாட்டு.
கைநாட்டில் ரேகை சரியாக விழவில்லை.
பாறையில் பாசி பறிக்கிற விரல்கள்.

இன்று செவ்வாய். மணி பத்தரை.
லாரி இன்னும் வரவில்லை.
பதினேழாவது கட்டத்தை வெறுமனே விட்டிருக்கிறேன்.
சிவப்புப் பேனாவை மேசைக்குள் வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,