பதினோரு நிமிடம்

குதைபியாவில் இரண்டாம் மாடி.
ஏசித் தண்ணீர் சொட்டும் வாளியைத் தள்ளிவைத்து
ஜோவிட்டாவும் நானும் பாய் விரிக்கிறோம்.
முப்பது வருடத்துக்கு மேலிருக்கும், இந்தப் படத்தை நான் பார்த்து.

அதே துருப்பிடித்த இழுவைப் படகு.
அம்மாதான் கேப்டன். அப்பா சமையல்.
இரட்டைப் பிள்ளைகள். மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் ஆடு.
கடலடியில் அணையாமல் எரியும் ஒரு கலங்கரை விளக்கைத்
தேடிப் போகிறார்கள்.
எதற்கு என்று அப்போதும் எனக்குப் புரிந்ததில்லை.

இப்போது தெரிகிறது
வானம் துணி, வலது மூலையில் ஒரு சுருக்கம்.
ஆடு ஒன்றல்ல, இரண்டு.
ஒன்றுக்கு இடக் காது கறுப்பு, மற்றதற்கு வலக் காது.
இத்தனை புயலிலும் கேப்டனின் கொண்டை அவிழவில்லை.
"இந்த வெல்டிங் ஒரு அலைக்குத் தாங்காது" என்பார் எங்கள் அப்பா,
ஹித்தில் கப்பல் பட்டறையிலிருந்து திரும்பி
சட்டையில் பாதிப் பொத்தானோடு நின்றபடியே.
உட்கார்ந்தால் படம் பார்ப்பதாகிவிடும் அவருக்கு.

எங்கள் கேசட்டில்
பிள்ளைகள் சுழிக்குள் குதித்ததும்
கிர்ரென்று ஒரு கோடு கீழிருந்து ஏறும்.
அப்புறம் பச்சை.
பச்சை இருட்டில் மேலே மேலே ஊர்ந்துபோகும் வெளிச்சப் புள்ளிகள்.
யாரோ ஒருவர் மூச்சுவாங்க இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பார்.

தொண்ணூற்றொன்று, ஜனவரி.
ஜன்னலெங்கும் பிரவுன் டேப், கதவிடுக்கில் ஈரத்துண்டு.
சங்கு ஊதிய ராத்திரி
மெஷினுக்குள் எந்தக் கேசட் என்று பாராமல்
அப்பா சிவப்புப் பட்டனை அழுத்தினார்.
எதற்கு இதையெல்லாம் பிடித்துவைக்கிறீர்கள் என்றாள் அம்மா.
"இருக்கட்டும்" என்றார்.
பதினோரு நிமிடம் கழித்து அம்மாவே போய் அணைத்தாள்.

அதற்குப் பிறகு படம் பாட்டுக்கு வந்துவிடும்.
பிள்ளைகள் கரையில், நனைந்து, சிரித்துக்கொண்டு.

பெனடிக்ட் மூன்று நாள் அழுதான்.
நாலாம் நாள் முடிவுசெய்தான், அவை மீன்கள்.
சுழிக்கு அடியில் குடியிருக்கும் பச்சை மீன்கள்.
பேசுகிற ஆள் அவற்றை எண்ணிச் சொல்கிறவர்.
அதோடு விட்டானா.
சிவகாசியில் அச்சாகி
சித்தப்பாவின் பெட்டியில் முறுக்கெண்ணெய் குடித்து வந்த காமிக்ஸில்,
கறுப்புவெள்ளைச் சுழிப் பக்கத்தில்,
ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொன்றாய் வரைந்தான்.
முப்பத்தேழு.
பேனா தீர்ந்துபோனதால் முப்பத்தேழு.

இதோ, சுழி வருகிறது.
ஜோவிட்டா என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறாள்.
குதிக்கிறார்கள்.
கோடு ஏறவில்லை.

சூப். அவ்வளவுதான்.
கவிழ்ந்த படகின் வயிற்றுக்குள்
மிச்சமிருக்கும் காற்றில்
நாலு பேரும் ஆடும் (எந்த ஆடு?) சூப் குடிக்கிறார்கள்.
கேப்டனின் கிண்ணம் பல்லில் இடித்துச் சத்தம் போடுகிறது.
சமையல்காரர் இருட்டில்
பிள்ளைகளின் தலையைத் தொட்டு எண்ணுகிறார்.
இரண்டே தலை.
எண்ணி முடித்து இன்னொரு தரம் எண்ணுகிறார்.
யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.
குழந்தைகள் படத்தில் இவ்வளவு நேரம் பேசாமலிருக்க
எப்படித்தான் விட்டார்களோ.

"மீன் எங்கம்மா?"

எனக்கு உடனே வாய் வரவில்லை.
அவளுக்கு நாலு வயதிலிருந்து
ஒவ்வொரு ராத்திரியும் அந்த மீன்களைச் சொல்லித்தானே தூங்கவைத்தேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், கோபாரில்,
நைட் ஷிப்டிலிருக்கும் பெனடிக்டுக்குச் செய்தி அனுப்பினேன்.
நடுவில் என்ன இருந்தது தெரியுமா, சூப்.
நீல டிக் விழுந்தது.
வெகுநேரம் கழித்து ஒற்றைச் சொல்
"சூப்பா?"

அதற்குள் இவள் அலமாரியைக் குடைந்து
அட்டை கழன்ற காமிக்ஸைக் கொண்டுவந்து
சரியான பக்கத்தைப் பிரித்து என் மடியில் வைக்கிறாள்.
"புஸ்தகத்துல இருக்கும்மா.
படத்துலதான் விட்டுட்டாங்க."

பச்சை இன்னும் வெளுக்கவில்லை.
விரல்வைத்து எண்ணுகிறேன்,
முப்பத்தாறுதான் வருகிறது.
மறுபடி
முதலிலிருந்து எண்ணுகிறேன்.